“ஊசி போட்டியா?” என்று மட்டும் கேட்ட வாப்பா

மகன்,

உனக்கும் உன் வீட்டாருக்கும் என் ஸலாம். நேற்றுப் பகல் கடைக்கு வந்து போன பிள்ளைக்கு இன்றைக்குக் கடிதம் எழுதுகிறாரே, வாப்பாவுக்கு என்ன நடந்தது என்று நீ யோசிப்பாய். கல்முனையில் இருக்கிற தகப்பன் அடுத்த ஊரான சாய்ந்தமருதில் இருக்கிற மகனுக்குக் கடிதம் எழுதுவது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ முன்னால் வந்து நின்றால் எனக்குக் கதை வராது. சவளக்கடைக் கிராமத்திலிருந்து நம் கடைக்குத் தண்ணீர்ப் பம்ப் வாங்க வருகிற விவசாயியோடு அவருடைய வாய்க்கால், வரம்பு, மகளின் பள்ளிக்கூடம் என்று ஒரு மணித்தியாலம் கதைப்பேன். உன்னோடு கதைத்தால் இரண்டு சொல்லோடு முடிந்துவிடும். இன்று வெள்ளிக்கிழமை, கடை பூட்டு. ஜும்ஆவுக்கு நேரம் இருக்கிறது. தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டேன், குளிக்க வாருங்கள் என்று உன் உம்மா இரண்டு தரம் சத்தம் போட்டுவிட்டாள். இதை எழுதி முடித்து, வங்கியிலிருந்து நீ ஜும்ஆவுக்கு வந்து தொழுகை கலையும்போது பள்ளி வாசலில் உன் கையில் தருவேன். நீ வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறுதலாக வாசி.

யாருடைய பெயரையும் நான் இதில் எழுதவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன். முதலில் விஷயத்துக்கு வருகிறேன். கடைக்குள் இருக்கிற சின்ன பிரிட்ஜில் உன் இன்சுலின் பெட்டி இருக்கிறதல்லவா, அதை நேற்று நீ போனபிறகு திறந்து பார்த்தேன். உன் சாமானைத் தொட்டதற்கு ஏசாதே. ஐந்து ஊசிப் பேனை கொண்ட பெட்டி. இந்நேரம் நீ மூன்றாவது பேனையில் நிற்க வேண்டும். முதல் பேனையே முடியவில்லை. தட்டில் ஒரு வாஷர் குறைந்தாலும் கண்ணால் கண்டுபிடிக்கிறவன் நான். குறைய வேண்டிய சாமான் குறையாமல் இருந்தால் அதுவும் என் கண்ணில் படும். அதோடு உன் இடுப்புப் பட்டியில் புதிதாக ஒரு துளை போட்டிருக்கிறாய். நேற்று நின்ற நிலையில் ஒரு போத்தல் தண்ணீரைக் குடித்து முடித்தாய். “ஊசி போட்டியா மகன்?” என்று கேட்டேன். “ஓம் வாப்பா” என்றாய். பதினேழு வருடமாக நீ சொல்கிற அதே ஓம். அது பொய் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். நான் கல்லாவில் போய் உட்கார்ந்துகொண்டேன், நீ மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய்விட்டாய்.

இது நீ தொடங்கியதல்ல, நான் தொடங்கி வைத்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பதினொரு வயதில் உனக்குச் சீனி வருத்தம் என்று சொன்னபோது நான் டொக்டரோடு சண்டைக்குப் போனேன். “சின்னப் புள்ளைக்கு எப்பிடி டொக்டர் சீனி வாற? இவன் இனிப்பே தின்றல்லையே” என்றேன். தின்று வருகிற வருத்தம் இதுவல்ல, உடம்பு இன்சுலினைச் சுரப்பதை நிறுத்திவிட்டது, சாகும்வரை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும் என்று அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். சாகும்வரை என்ற சொல்லை மட்டும் நான் கேட்டேன். மற்றதெல்லாம் உன் உம்மாவின் காதில்தான் விழுந்தது. அவள் ஊசி குத்தப் பழகினாள், பிறகு நீயே பழகினாய். நான் என்ன செய்தேன்? கடையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றும்போதே “போட்டியா?” என்று கேட்டேன். அதைத்தான் தகப்பனின் கடமை என்று நினைத்தேன். வலிக்குதா, பள்ளிக்கூடத்தில் பெடியன்மார் பகிடி பண்ணுகிறார்களா, உனக்கு அலுத்துப் போச்சா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் நீ அழுதுவிடுவாய், நீ அழுதால் எனக்கு என்ன செய்வதென்று தெரியாது. அந்தப் பயம்தான், வேறொன்றுமில்லை.

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற காலத்தில் நீ விழுந்தாயே, அது உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. இரண்டு நாள் சத்தி, குடித்த தண்ணீரும் வெளியே வந்தது. மூச்சு ஆழமாக இழுத்து இழுத்து வந்தது. உன் வாயிலிருந்து கனிந்துபோன அன்னாசிப் பழத்தின் வாசம் அடித்தது. “என்னடா தின்ட?” என்று உன்னைப் பிடித்து உலுக்கினேன். ஆஸ்பத்திரியில் போய்த்தான் தெரிந்தது, நீ ஐந்தாறு நாளாக ஊசியே போடவில்லை என்று. மறந்ததல்ல, வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறாய். வாட்டில் நீ கண் திறந்தபிறகு டொக்டர் உன்னோடு தனியாகக் கதைத்தார். வெளியே வந்து என்னிடம் சொன்னார்: “மகனுக்கு மருந்து தெரியாம இல்ல, களைச்சிட்டார். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வேளையும் இதையே செய்து களைச்சிட்டார். அதுக்கும் வைத்தியம் இரிக்கி.” ஒரு துண்டு எழுதித் தந்து, அதே ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். உளவளத்துணை என்று அதில் எழுதியிருந்தது.

அந்தத் துண்டை உன் உம்மாவுக்கு நான் காட்டவில்லை. உனக்கும் காட்டவில்லை. மனநலப் பிரிவுக்கு முன்னால் போட்டிருந்த வாங்கில் எங்கள் பசாரில் தேங்காய் விற்கிற ஆள் தன் தாயோடு உட்கார்ந்திருந்தார். என்னை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடுகிறவர், என்னைக் கண்டார். “என்ன காக்கா, இங்கால?” என்று கேட்டார். “வழி மாறி வந்துட்டன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். பம்ப்காரனின் மகனுக்குப் பைத்தியம் என்று பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும் என்று பயந்தேன். அவருடைய தாயும் அங்கேதான் இருந்தார், அவர் ஒன்றும் என்னைக் கண்டு ஒளிக்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கடைக்கு வந்து அந்தத் துண்டை நாலாக மடித்துக் கிழித்தேன். ஊராரிடம் உனக்கு டெங்குக் காய்ச்சல் என்று சொன்னேன். பிறகு உன்னைப் பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதிப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல மனிதர். ஓதி முடித்துவிட்டு, “துஆ நான் கேட்பன். டொக்டர்மார் என்ன சொன்னாங்களோ அதையும் செய்ங்க. வேற ஏதும் சொன்னாங்களா?” என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். “ஒண்டும் சொல்லல்ல” என்றேன். ஓதுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்ன பொய். நீ பக்கத்தில் இருந்தாய். தலையைக் குனிந்துகொண்டாய். இப்போது நினைத்தால், அந்த டொக்டர் உன்னிடமும் அந்தத் துண்டைப் பற்றிச் சொல்லியிருப்பார் என்று படுகிறது. வாப்பா கூட்டிக்கொண்டு போவார் என்று நீ எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தாயோ, நான் கேட்டதில்லை. எனக்கு மாப்புத் தா மகன்.

அல்லாஹ் எனக்கும் சீனியைத் தந்தான். அது உனக்கு வந்தது போன்றதல்ல. என்னுடையது வயதோடு வந்தது, வாயால் வளர்த்தது. போன வருடம் கால் பெருவிரலை எடுத்தபோது, ஒரு விரல்தானே என்று பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் நானே ஆறுதல் சொன்னேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் கூத்துத் தொடங்கியது. கடைக்குப் போகப் பிடிக்கவில்லை. நொண்டிக்கொண்டு போனால் பாவம் பார்ப்பார்களே என்று ஒரு மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். உன் உம்மா தேநீர் வைத்தால் சூடு கூட என்று ஏசுவேன், ஆற்றிக் கொடுத்தால் ஆறிப்போச்சு என்று ஏசுவேன். மருந்தை மெத்தைக்கு அடியில் தள்ளிவிட்டேன். அதைக் கண்டுபிடித்தது உன் உம்மா. கையில் அந்தக் குளிசைகளை வைத்துக்கொண்டு, “தகப்பனும் மகனும் ஒரே புத்திதான். ஒரு ஆளுக்கு அழுது முடியல்ல, மற்ற ஆளும் தொடங்கிட்டீங்க” என்று சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. பதினேழு வயதில் நீ செய்ததை அறுபது வயதில் நான் செய்துகொண்டு இருக்கிறேன்.

கால் புண்ணுக்கு மருந்து கட்டப் போனபோது தாதி மிஸ் சொன்னார், செவ்வாய்க்கிழமைகளில் கிளினிக்குக்குப் பின்னால் உள்ள அறையில் நீண்டகால வருத்தக்காரர் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து கதைக்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்று. உங்கள் எல்லாருக்கும் நான் செவ்வாய்க்கிழமை மருந்து கட்டப் போகிறேன் என்று சொன்னேனே, புண் ஆறி எத்தனை மாதம்! நான் போனது அந்த அறைக்கு. காரைதீவுப் பெண்பிள்ளை ஒருவர், உளவளத்துணையாளர், எங்களை வட்டமாக உட்கார வைப்பார். முதல் நாள் நான் எடுத்த எடுப்பிலேயே கேட்டேன்: “மிஸ், கதைச்சா என்ட விரல் முளைக்குமா?” மிஸ் சிரித்தார். அவர் பதில் சொல்லுமுன் என் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். பாண்டிருப்பு ஆள், கடலுக்குப் போனவர், இப்போது அவருக்குக் கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். “முளைக்காது காக்கா. என்ர கிட்னியும் முளைக்கல்ல. ஆனா பொஞ்சாதிக்குக் கோப்பையால எறியிறது நிண்டிருக்கு. அவளிட்டக் கேட்டுப் பாருங்க, அது பெரிய சுகம் எண்டுவாள்.” அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். விரல் எடுத்தபிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

அங்கே பெரிய வித்தை ஒன்றும் நடப்பதில்லை. ஆளுக்கு ஆள் உள்ளதைச் சொல்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, எனக்கு எரிச்சலாக இருக்கிறது, எனக்கு எல்லாவற்றையும் விட்டுவிடலாம் போல இருக்கிறது. யாரும் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. இடைக்கிடை மிஸ் ஒரு கேள்வி கேட்பார், அவ்வளவுதான். ஒரு நாள் உன்னைப் பற்றிச் சொன்னேன். வீட்டில் பதினேழு வருடமாக வருத்தக்காரப் பிள்ளை ஒன்று இருக்கிறது, தினமும் தவறாமல் விசாரிப்பேன் என்று கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். மிஸ் கேட்டார்: “என்ன விசாரிப்பீங்க ஐயா?” “ஊசி போட்டியா எண்டு.” “வேற?” “வேற ஒண்டுமில்ல.” “அவர் ஓம் எண்டு சொன்னா?” “அதோட கதை முடிஞ்சிடும்.” பாண்டிருப்பு அண்ணன் என் முழங்காலில் கையை வைத்து, “காக்கா, அது விசாரிக்கிறதில்ல, இடாப்புக் கூப்பிடுறது” என்றார். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் பிள்ளை உள்ளேன் என்று சொல்கிறதே, அதைப் போல. அந்தக் கிழமையே உன்னோடு உட்கார்ந்து கதைக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்போதுதான் உன் கலியாணப் பேச்சு வந்தது. நான் பழையபடி பழைய ஆளாகிவிட்டேன்.

மருதமுனையில் பார்த்த முதல் சம்பந்தம் உனக்குத் தெரியும். அவர்களிடம் நான் ஒளிக்காமல் சொன்னேன். பொம்பளையின் வாப்பா தேநீரைக் குடித்து முடிக்குமுன்பே முகம் மாறிவிட்டது. அடுத்த நாள் தரகர் வந்து, பிள்ளை மேலே படிக்கப் போகிறதாம் என்று சொன்னார். நீ உள் அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு சாய்ந்தமருதுச் சம்பந்தம் வந்தபோது நீ என்னிடம் வந்து சொன்னாய்: “வாப்பா, இவங்களிட்டயும் முதலே சொல்லிடுவம். வேணாம் எண்டா வேணாம் எண்டு போகட்டும்.” அவ்வளவு தெளிவாக நீ உன் வருத்தத்தைப் பற்றி என்னிடம் கதைத்தது அதுதான் முதல் தடவை. நான் என்ன சொன்னேன்? “வாயப் பொத்திக்கொண்டிரு. கலியாணம் முடியட்டும், பொறகு பாத்துக்கொள்ளலாம்.” நிக்காஹ் மஜ்லிஸில் உன் மாமனார் உன் கையைப் பிடித்துத் தன் மகளை உனக்குத் தந்தபோது எல்லாரும் உங்கள் இருவரையும் பார்த்தார்கள். நான் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருட வியாபாரத்தில் ஒரு பழைய பம்பைக்கூட அதன் குறையைச் சொல்லாமல் நான் விற்றதில்லை என்று ஊரில் எனக்கு ஒரு பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் அந்த மனிதர் அதிகம் விசாரிக்காமல் சம்மதித்தார்.

இதை மிஸ்ஸிடம் பிறகு சொன்னேன். “உங்கட மகனுக்குக் குறை இரிக்கி எண்டு நீங்க நினைக்கிறதாலதான் ஒளிச்சீங்க. பம்போட வெச்சுப் பாக்காதீங்க ஐயா” என்றார். எனக்கு முதலில் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு யோசித்தேன். பதினேழு வருடமாக ஒரு நாளைக்கு நாலு தரம் தன் உடம்பில் தானே ஊசி குத்திக்கொண்டு, படித்து, பரீட்சை எழுதி, வங்கியில் உத்தியோகம் எடுத்த பிள்ளை. விரல் ஒன்று போனதற்கு நான் மெத்தைக்கு அடியில் மருந்தை ஒளித்தேன். எங்கள் இருவரில் யாருக்குக் குறை என்று நீயே சொல்.

இனி உன் மாமி வீட்டுக் கதைக்கு வருகிறேன். மாப்பிள்ளை பொம்பளை வீட்டுக்குப் போய் இருப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். நானும் அப்படித்தான் உன் உம்மாவின் வீட்டுக்கு வந்தேன். அந்த வழக்கத்தில் ஒன்று இருக்கிறது, அதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். புது மாப்பிள்ளைக்கு வீடு முழுக்க ராஜ உபசாரம், ஆனால் குசினிக்குள் போய் ஒரு கோப்பை தண்ணீர் தானாக எடுக்க முடியாது. முதல் ஆறு மாதம் நான் தாகத்தை அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறேன், கேட்டால் தண்ணீருக்குப் பதிலாகச் சர்பத் வரும் என்று. உன் நிலைமை அதைவிட மோசம். மாமியின் பிரிட்ஜில் உன் மருந்தை வைக்க முடியாது. அதனால்தான் கடையில் வைத்தாய். அவர்களுக்குத் தெரியாமல் ஊசி போடத்தான் ஒவ்வொரு நாளும் பொழுதுபட்டு மஃரிபோடு உம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று இங்கே வந்தாய், போட்டுக்கொண்டு சாப்பாட்டுக்கு அங்கே ஓடினாய். இதெல்லாம் என் “பொறகு பாத்துக்கொள்ளலாம்” கொண்டுவந்து விட்ட இடம்.

போன மாதம் அங்கே விருந்தாளிகள் வந்து சாப்பாடு பிந்தியதாமே. ஊசி போட்ட உடம்பு, வயிற்றில் ஒன்றுமில்லை, இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது. நீ வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, தயிரில் ஊற்ற வைத்திருந்த இனிப்பான கித்துள் பாணிக் கோப்பையை அப்படியே வாயில் கவிழ்த்திருக்கிறாய். உன் மாமி உம்மாவுக்குப் போன் எடுத்துச் சிரிக்கிறார்: “எங்கட மருமகன் இவ்வளவு இனிப்புப் பைத்தியமெண்டு ஒரு சொல்லுச் சொல்லல்லையே நீங்க! இனிப் பாருங்க, வட்டிலப்பம் இல்லாம ஒரு சாப்பாடும் இல்ல.” உன் உம்மா போனைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் கையால் சொல்லாதே என்று காட்டினேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் உனக்கு வட்டிலப்பம். பாவம், அந்த மனுசி அன்பால் உன்னைக் கொல்கிறார், அது அவருக்குத் தெரியாது. நீயும் மற்றவர்கள் முன்னால் திரும்பவும் அப்படி வந்துவிடுமோ என்று பயந்து பின்னேர ஊசியை விட்டுவிட்டாய். நான் சொல்வது சரிதானே? பேனைகள் ஏன் குறையவில்லை என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் வரவில்லை.

இத்தனையும் தெரிந்தும் இன்னும் இரண்டு கிழமை நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். என்னைத் திறக்க வைத்தது உன் பொஞ்சாதி. புதன்கிழமை முற்பகல் கடைக்கு வந்தாள், தனியாக. வாங்கிக் கொடுத்த தேசிக்காய்த் தண்ணீரைத் தொடவில்லை. “மாமா, ஒண்டு கேப்பன், உண்மையச் சொல்லணும்” என்றாள். “கேளு புள்ள.” “இவருக்கு விருப்பமில்லாமலா இந்தக் கலியாணத்தச் செஞ்சு வெச்சீங்க?” நான் கல்லாவை விட்டு எழும்பி வந்தேன். “பின்னேரமானா ஒவ்வொரு நாளும் எழும்பிப் போயிர்றாரு. வந்தா முகம் குடுத்துக் கதைக்கிறல்ல. எங்க உம்மா பாத்துப் பாத்துச் சமைக்கிற, தட்டுல வெச்சுக் கிளறுறாரு. ராவுல நாலு தரம் எழும்பித் தண்ணி குடிக்காரு. ஏனெண்டு கேட்டா ஒண்டுமில்ல எண்டுறாரு. வேற ஆரும் இரிந்தா சொல்லுங்க மாமா. நான் எங்க வாப்பாக்கிட்டச் சொல்லமாட்டன்.” பிள்ளையின் சத்தம் நடுங்கவில்லை, ஆனால் கைப்பையின் வாரைப் பிடித்திருந்த விரல் வெளுத்துப் போயிருந்தது. “வேற ஆருமில்ல புள்ள, அல்லாஹ் மேல ஆணையா இல்ல” என்றேன். “அப்ப என்ன?” “அத அவன்ட வாயாலதான் நீ கேக்கணும். என்ட பிழையும் அதுக்குள்ள இரிக்கி.” “நல்ல தகப்பனும் மகனும். ஒரு ஆளக் கேட்டா மற்ற ஆளக் காட்டுறீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் கேட்டதில் ஒன்றைக் கவனித்தாயா மகன்? உனக்கு என்ன வருத்தம் என்று அவள் கேட்கவில்லை. தன்னில் என்ன பிழை என்றுதான் கேட்கிறாள். இரண்டு மாதமாக அந்தப் பிள்ளை அதைச் சுமந்துகொண்டு இருக்கிறது. நாங்கள் ஒளித்தது உன் சீனியை. அவளுக்குத் தெரிந்தது, தன்னைப் பிடிக்காத ஒரு புருசன்.

அதனால் அவளிடம் சொல். ஊசியைக் காட்டு, எப்படிப் போடுவது என்று காட்டு, பாணியைக் குடித்த அன்று உன் உடம்புக்குள் என்ன நடந்தது என்று சொல். திரும்ப அப்படி வந்தால் என்ன தரவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது உன் உயிர்க் காரியம். ஆனால் அதோடு நிறுத்தாதே. இத்தனை வருடம் இது உனக்கு எப்படி அலுத்துப்போனது, எதற்குப் பயப்படுகிறாய், பதினேழு வயதில் ஏன் நிறுத்தினாய், அதையும் சொல். எனக்குச் சொல்லாததை அவளுக்குச் சொல். அவள் கோபிப்பாள். அழுவாள். தன் வாப்பா வீட்டுக்குச் சொல்லுவாள். முதல் சம்பந்தம் போல இதுவும் உடைந்துவிடுமோ என்று உனக்குப் பயம் வரும், எனக்கும் இருக்கிறது. ஒளித்து வைத்துக்கொண்டு இருந்தால் உடையாது என்று நினைக்காதே. புதன்கிழமை அவள் நின்ற நிலையை நான் பார்த்தேன். அது ஏற்கெனவே வெடிக்கத் தொடங்கிவிட்டது. இன்னொன்று, அவளை உனக்குக் காவல்காரி ஆக்கிவிடாதே. “போட்டீங்களா?” என்று வாசலில் நின்று கேட்கிற இன்னொரு ஆள் உனக்கு வேண்டாம். “இன்டைக்கு எப்பிடி இரிக்கி?” என்று கேட்கப் பழக்கு. நீயும் உள்ளதைச் சொல்லப் பழகு. ஒரு நாளைக்கு, இன்டைக்கு எனக்கு இந்த ஊசியைக் கண்டாலே வெறுப்பு என்று சொல்லலாம். சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். நானும் என் குளிசைக்கு அப்படித்தான் செய்கிறேன், உன் உம்மா சிரிக்கிறாள்.

நேற்று மிஸ்ஸிடம் போனில் கதைத்தேன். உன் பெயரைச் சொல்லவில்லை, ஒரு ஆள் வரலாம் என்று மட்டும் சொன்னேன். தனியாகவும் கதைக்கலாம், மனைவியோடு சேர்ந்தும் இருக்கலாமாம். செவ்வாய்க்கிழமை வங்கியில் அரைநாள் லீவு கேள். மிஸ் தனியாகக் கதைப்பது மனநலப் பிரிவில்தான், அதற்கு முன்னால் உள்ள அதே வாங்கில்தான் உட்கார வேண்டி வரும். நானும் பக்கத்தில் உட்காருவேன். பசாரில் உள்ளவர்கள் கண்டு, “என்ன காக்கா, இங்கால?” என்று கேட்டால், “மகனோட வந்தன்” என்று சொல்லுவேன். டொக்டரையும் இந்தக் கிழமைக்குள் பார்த்துவிடு. இத்தனை நாள் விட்ட ஊசியை நீயாகக் கூட்டிக் குறைக்காதே, அவர் சொல்கிற அளவைக் கேள். பெயர்களை எழுதாததற்குக் காரணம் சொன்னேனே, இதுதான்: என்னைப் போல இடாப்புக் கூப்பிடுகிற தகப்பன்மார் அந்த அறைக்கு நிறையப் பேர் வருகிறார்கள். இப்படி ஒரு கடிதம் எழுதினால் அதை அவர்களுக்கு வாசித்துக் காட்டலாமா என்று மிஸ்ஸிடம் கேட்டேன், உன்னிடம் கேட்காமல் முடியாது என்றார். நீ வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுவேன். இது உன் கதை, முதல் உரிமை உனக்கு.

உன் உம்மாவுக்கு ஒரு கவலை. நீ அங்கேயே ஊசி போடத் தொடங்கினால் பின்னேரம் இங்கே வரமாட்டாயே என்று. “வருத்தத்தச் சாட்டித்தானே என்ட புள்ள வந்தான்” என்று நேற்று மூக்கைச் சிந்தினாள். வருத்தம் இல்லாமலும் வருவான், பொஞ்சாதியையும் கூட்டிக்கொண்டு வருவான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

நாளை சனிக்கிழமை, உனக்கு லீவு. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நான் உன் வீட்டுக்கு வருவேன். உன் மாமனாரோடு விறாந்தையில் உட்கார்ந்து, ஒளித்தது என் மகன் அல்ல, நான்தான் என்று சொல்லுவேன். அவன் முதலே சொல்லச் சொன்னான், நான்தான் வாயை அடைத்தேன் என்று சொல்லுவேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளுவேன், அது என் பங்கு. ஆனால் உன் பொஞ்சாதி இதை என் வாயால் கேட்கக் கூடாது. நான் வருவதற்கு முன் நீ அவளிடம் சொல்லி முடித்திருக்க வேண்டும். சொன்னாயா என்று நான் உன்னைக் கேட்கப் போவதில்லை. மருமகள் சிரித்த முகத்தோடு எனக்குத் தேநீர் கொண்டுவந்தால், நீ இன்னும் சொல்லவில்லை என்று விளங்கிக்கொள்ளுவேன். நீ சொல்லியிருந்தால், வாசலிலேயே மறித்து வைத்து என்னை நன்றாக ஏசுவாள். ஏசட்டும் மகன். அந்த ஏச்சைக் கேட்கத்தான் நான் வருகிறேன்.

உன் வாப்பா